30 மடங்கு வீரியம்

2019 ஜூலையில் கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்குள்ள குவெல்ஃப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், கேன்ஃபிளாவின் ஏ, கேன்ஃபிளாவின் பி என்ற இரண்டு பொருட்களைக் கஞ்சாச் செடி எப்படித் தயாரிக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். எந்த மரபணு, எந்த நொதி என்பதுதான் ஆய்வின் விஷயம். ஆனால் உலகம் முழுக்க ஓடியது வேறொரு வரி. இந்தப் பொருட்கள் ஆஸ்பிரினைவிட 30 மடங்கு சக்தி வாய்ந்தவையாம்.

இருபது ஆண்டுகளாக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைப்பவள் நான். இப்படி ஒரு வரி மேஜைக்கு வந்தால் முதலில் மூலத்தைத் தேடுவது வழக்கம். மூலத்தில் ‘கிராமுக்குக் கிராம்’ என்ற சொற்கள் இருந்தன. கைமாறிக் கைமாறி வந்ததில் அவை உதிர்ந்துவிட்டன. இன்னும் பின்னால் போனால் 1985. லண்டன் பல்கலைக்கழகத்தில் மர்லின் பாரெட் என்ற ஆராய்ச்சியாளரும் உடன் பணியாற்றியவர்களும், முடக்குவாதம் வந்தவர்களின் மூட்டிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அதில் இந்தப் பொருளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அழற்சியைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்ற ரசாயனம் உருவாவதை அது தடுத்தது. அதே அளவு தடுக்க ஆஸ்பிரின் சுமார் 30 மடங்கு அதிகம் தேவைப்பட்டது. விஷயம் இவ்வளவுதான். வலியோடு இருந்த மனிதர் யாரும் அந்தப் பாத்திரத்தில் இல்லை.

நான் ‘வீரியம்’ என்று எழுதினேன். ஆனால் ‘ஆஸ்பிரினைவிட 30 மடங்கு வலி போக்கும் கஞ்சா’ என்ற பொருளில் தமிழிலேயே பல தலைப்புகளைப் பார்த்தேன். வீரியம் வேறு, பலன் வேறு. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். சாக்கரின் சர்க்கரையைவிட 300 மடங்கு தித்திப்பு. அதற்காகக் காபி 300 மடங்கு இனிப்பாகிவிடுவதில்லை. கரண்டிக்குப் பதில் கடுகளவு போட்டால் போதும் என்பதுதான் அர்த்தம். கேன்ஃபிளாவின் கதையில் இன்னொரு சங்கடமும் உண்டு. செடியில் அது இருப்பதே மிக மிகக் கொஞ்சம். செடியைப் புகைத்தோ அரைத்தோ அந்த அளவை எட்ட முடியாது. அதனால்தான் கனடாக்காரர்கள் மரபணுவைத் தேடிப் போனார்கள், வேறு உயிரணுக்களில் வைத்து அதைத் தயாரிக்கலாமே என்று.

மொழிபெயர்ப்பாளருக்கு இத்தகைய நுணுக்கங்களில் ஒரு தொழில்முறை இன்பம் உண்டு. அது எங்கள் வீட்டு விவகாரமாக மாறும் என்று அப்போது நினைக்கவில்லை.

என் அம்மாவுக்கு 74 வயது. மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறாள். இருபது வருட சர்க்கரை. பத்து வருட முட்டி வலி. முட்டி வலிக்கு அவளுடைய வைத்தியர், தெருக்கோடியில் இருக்கும் மருந்துக்கடைப் பையன். டைக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை, கூடவே வயிறு புண்ணாகாமல் இருக்க ஒரு கேப்ஸ்யூல். ‘மூட்டு செட்’ என்று சொன்னால் கடையில் புரிந்துகொள்வார்கள். டைக்ளோஃபெனாக், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ‘எச்’ பட்டியலில் இருக்கும் மருந்து. அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் உண்டு. மேற்கத்திய நாடுகளில் சீட்டில்லாமல் வாங்கக்கூடிய மருந்துகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு தொடரும் இருக்கிறது. அந்தத் தொடரை நான் எத்தனையோ முறை தமிழாக்கியிருக்கிறேன். நம் ஊருக்கு அது பொருந்தவே பொருந்தாது. இங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும்.

சென்ற ஆண்டு அம்மாவின் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.1 என்று வந்தது. சிறுநீரக மருத்துவர் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பாதி சர்க்கரையின் வேலை, பாதி இதன் வேலை என்றார். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் சர்க்கரையை நிறுத்த முடியாது, இதை நிறுத்தலாம். இனி பாரசிட்டமால் மட்டும், அதுவும் ஒரு நாளைக்கு 650 மில்லிகிராமில் மூன்றுக்கு மேல் கூடாது.

அம்மாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. “இது காய்ச்ச மாத்திரைடி. எனக்கென்ன காய்ச்சலா?” என்றாள். மாத்திரை மாறியது பற்றி அல்ல, வலியே சின்னதாக்கப்பட்டுவிட்டது பற்றித்தான் அந்தக் கோபம் என்று எனக்குப் பட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு பாரசிட்டமால் காய்ச்சல் மருந்துதான். ஆனால் அதன் சரித்திரத்தில் வலியும் காய்ச்சலும் ஒன்றாகவே வருகின்றன. 1878-ல் தயாரிக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்து, 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் பிராடியும் ஆக்செல்ராடும் மறுபடி கவனித்த பிறகுதான் அது உலகத்தின் பொதுச் சொத்தானது. எல்லா வலி மாத்திரைகளிலும் சிறுநீரகத்துக்கு அதிகம் தொந்தரவு தராதது அதுவே. அளவு மீறினால் மட்டும் கல்லீரலைப் பதம் பார்க்கும்.

டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவை வேறு குடும்பம். அவை எப்படி வேலை செய்கின்றன என்று 1971-ல் இங்கிலாந்தின் ஜான் வேன் காட்டினார். அடிபட்ட இடத்தில் புரோஸ்டகிளாண்டின் உருவாவதை அவை தடுக்கின்றன. இதற்காக 1982-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால் அதே புரோஸ்டகிளாண்டின்தான் வயிற்றின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைக்கிறது. வலியை அணைக்கிற கை இந்த இரண்டையும் அணைத்துவிடுகிறது.

இதை இந்தியாவைவிடப் பெரிய விலை கொடுத்துப் படித்த நாடு இல்லை. மாட்டுக்கு வலி என்று டைக்ளோஃபெனாக் ஊசி போட்டோம். அந்த மாடு செத்தபோது அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 1990-களில் தொடங்கிய அழிவில் வெண்முதுகுக் கழுகுகள் 99 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போயின. காரணம் 2004-ல்தான் தெரிந்தது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் பயன்படுத்துவது 2006-ல் தடை செய்யப்பட்டது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “கழுகுக்கு முட்டி வலி இல்லையே” என்றாள்.

இந்த நிலைமையில்தான் புட்டி வந்தது.

கொண்டு வந்தவன் சித்தி பையன். பெங்களூரில் வேலை. பெரியம்மா மேல் அவனுக்கு உண்மையான பாசம். 30 மில்லி புட்டி, சொட்டு மருந்துக் குழாய் வைத்த மூடி. விலை 2,400 ரூபாய். லேபிளில் ‘விஜயா இலைச் சாரம் 1,500 மி.கி.’ என்று இருந்தது. விஜயா என்பது கஞ்சாவுக்கு ஆயுர்வேதத்தில் உள்ள பெயர். “நூறு பர்சென்ட் ஆயுர்வேதம்க்கா. கிட்னிக்கு ஒண்ணும் பண்ணாது. ஆஸ்பிரினைவிட முப்பது மடங்கு பவர்” என்றான். ஆறு வருடம் கழித்து அந்த வரி எங்கள் வீட்டு ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தது.

அம்மா புட்டியைத் தள்ளி வைத்துக்கொண்டு, “கஞ்சாவா? தெருமுனைல பசங்கள போலீஸ் புடிச்சுட்டுப் போறானே, அதுவா?” என்று கேட்டாள்.

அதேதான், ஆனால் அது இல்லை. இந்த நாட்டின் விநோதமான சட்டங்களில் இது ஒன்று. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூக்கும், காய்க்கும் நுனியை. சரஸ் என்று சொல்வது பிசினை. நுனியோடு சேராத இலையும் விதையும் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கின்றன. 1961-ல் உலக நாடுகள் போதைப்பொருள் ஒப்பந்தம் போட்டபோதே இலைக்கு இந்த விலக்கு கிடைத்துவிட்டது. அதனால்தான் வாரணாசியில் அரசு அனுமதி பெற்ற பாங்கு கடை பட்டப்பகலில் நடக்கிறது. டெல்லியில் வேலை பார்த்த நாட்களில் ஒரு முறை வாரணாசி போயிருந்தபோது அந்தக் கடைப் பலகையைப் பார்த்துத் திகைத்து நின்றேன். பச்சை உருண்டைகளை இலையில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் கடைக்காரர்; வரிசையில் நின்றவர்களில் கோயிலுக்குப் போகிற பெரியவர்களும் இருந்தார்கள். இலையை என்ன செய்வது என்பதை அந்தந்த மாநிலம் முடிவு செய்துகொள்ளலாம். இலைச் சாரம் என்று லேபிள் ஒட்டினால் ஆயுர்வேத மருந்து உரிமம் கிடைக்கிறது. ஆனால் ஆயுர்வேத மருந்து விதிகளே கஞ்சாவை நச்சுப் பொருட்கள் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்று அட்டையில் போட வேண்டும். எங்கள் புட்டியிலும் போட்டிருந்தது, எறும்பு எழுத்தில்.

இதில் தமிழ் தன் பங்குக்கு ஒரு குழப்பத்தைச் சேர்த்திருக்கிறது. இந்தச் செடியின் ஆங்கிலப் பெயர்களில் ஒன்றுக்கு நம் அகராதிகள் ‘சணல்’ என்று பொருள் தருகின்றன. சணல் என்றால் நமக்குச் சாக்கு நூல். விவசாயிக்கு வயலில் மடக்கி உழும் சணப்பு. மூன்றும் மூன்று செடிகள். போதாக்குறைக்கு 2021 முதல் கஞ்சா விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்திருக்கிறது. அந்த எண்ணெயும் ‘சணல் விதை எண்ணெய்’ என்ற பெயரில் வருகிறது. விதை எண்ணெயில் நல்ல கொழுப்பு இருக்கிறது, வலிக்கான சரக்கு கிட்டத்தட்ட இல்லை. முட்டி வலிக்கு என்று அதை வாங்குகிறவர்கள் நல்லெண்ணெய் வாங்கியிருக்கலாம்.

கஞ்சாவை வலிக்குக் கொடுப்பது புதிதா என்றால் இல்லை. நவீன மருத்துவத்துக்கு இதை எடுத்துச் சென்ற பாதையே கல்கத்தா வழியாகத்தான் போகிறது. வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற அயர்லாந்துக்காரர் அங்கே மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர். 1839-ல் அவர் எழுதிய கட்டுரை, கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறது. வாத நோய், வெறிநாய்க்கடி, வாந்திபேதி, தசைகள் விறைத்துக்கொள்ளும் டெட்டனஸ். (பின்னாளில் இவர்தான் இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தார். ஒரு மனிதருக்கு எத்தனை வேலைகள்!) பின்னர் 1932 வரை பிரிட்டிஷ் மருந்து நூலில் கஞ்சா இடம் பெற்றிருந்தது. அது வெளியேறியதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு புட்டியிலும் வீரியம் வேறு வேறாக இருந்தது. ஒரு நோயாளிக்கு ஒன்றும் செய்யாத அளவு இன்னொருவரை மயக்கிப் போட்டது. அந்த நேரம் பார்த்து, 1899-ல் கடைக்கு வந்த ஆஸ்பிரின், எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே மாதிரி இருந்தது.

இந்தக் குறை இன்னும் தீரவில்லை. எங்கள் புட்டியில் 1,500 மில்லிகிராம் சாரம் என்று இருந்ததே தவிர, அதில் டி.எச்.சி. எவ்வளவு, சி.பி.டி. எவ்வளவு என்று இல்லை. தலையைச் சுற்ற வைப்பது டி.எச்.சி.; போதை தராதது சி.பி.டி. முன்னதை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் காவோனியும் தனியே பிரித்தெடுத்தார்கள். பின்னதை அதற்கு இருபது வருடம் முன்பே அமெரிக்காவில் பிரித்துவிட்டார்கள். 74 வயதில், இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு இந்த இரண்டில் எது எவ்வளவு என்பது சாதாரண விஷயமல்ல. தலை சுற்றி விழுந்து இடுப்பு உடைந்தால் முட்டி வலி மறந்து போகும்.

சரி, பலன்? பல் பிடுங்கிய வலி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி போன்ற திடீர் வலிகளில் கடை மாத்திரைகளைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். மருந்தால் மட்டுமே ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய வேண்டுமானால் எத்தனை பேருக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. இப்யூபுரூஃபன் 400 மில்லிகிராமுக்கு அது சுமார் இரண்டரைப் பேர். பாரசிட்டமால் ஒரு கிராமுக்கு மூன்றரைப் பேருக்குச் சற்று அதிகம். இரண்டையும் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்ல பலன். சாதாரண மாத்திரைகளுக்கு இது பெருமைப்படத்தக்க எண்.

கஞ்சாப் பொருட்களை இதே மாத்திரைகளோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வு எதையும் நான் தேடியவரை காணவில்லை. அருகில் வருபவை சில உண்டு. 2021-ல் மெல்பர்னில், திடீர் முதுகு வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 100 பேருக்கு வழக்கமான வலி மருந்துகளோடு சேர்த்து 400 மில்லிகிராம் சி.பி.டி. அல்லது வெற்று மருந்து கொடுத்தார்கள். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. 2024-ல் டெக்சாஸில் பல் வலியோடு வந்த 61 பேரிடம் சி.பி.டி. வெற்று மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அதில் கொடுத்த அளவைக் கவனிக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம். 58 கிலோ எடையுள்ள என் அம்மாவுக்கு அது ஒரு வேளைக்கு 580 மில்லிகிராம். எங்கள் புட்டியில் உள்ளது முழுவதும் சுத்தமான சி.பி.டி. என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று வேளைக்கு வராது. லேபிளில் போட்டிருந்ததோ, நாளைக்கு இரண்டு வேளை, நான்கு நான்கு சொட்டு.

நாள்பட்ட வலிக்கு வந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது. திடீர் முதுகு வலிக்கே பாரசிட்டமால் வெற்று மாத்திரையைவிட மேல் இல்லை என்று 2014-ல் ஆஸ்திரேலியாவில் 1,600-க்கு மேற்பட்டவர்களிடம் செய்த சோதனை காட்டியது. அம்மாவின் ‘காய்ச்ச மாத்திரை’ வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுபக்கம், 2025-ல் ஜெர்மனியில் 820 பேரிடம், அளவு சரிபார்க்கப்பட்ட கஞ்சாச் சாரம் ஒன்றை நாள்பட்ட முதுகு வலிக்குக் கொடுத்தார்கள். பத்துக்கு இவ்வளவு என்று வலியை மதிப்பிடும் கணக்கில், வெற்று மருந்தைவிட 0.6 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. பலன் உண்மை, அளவு சிறிது. 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, நாள்பட்ட வலிக்குக் கஞ்சா உதவும் என்பதற்குக் கணிசமான சான்று இருக்கிறது என்றது. 2021-ல் வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், இருக்கிற சான்று பொதுவாகச் சிபாரிசு செய்யப் போதாது என்றது. நான்கு வருட இடைவெளியில் இரண்டு பெரிய சபைகள். நிருபருக்கு இதில் எது பிடிக்கிறதோ அது செய்தியாகிறது.

இதையும் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார்கள். 2022-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள், கஞ்சா வலி குறைக்குமா என்று பார்த்த 20 சோதனைகளை, 1,459 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வெற்று மருந்து வாங்கியவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்திருந்தது. இந்தச் சோதனைகள் பத்திரிகைகளில் எப்படி வந்தன என்றும் பார்த்தார்கள். முடிவு எதுவாக இருந்தாலும் செய்திகள் பெரும்பாலும் நல்லவிதமாகவே இருந்தன. நம்பிக்கை வலியைக் குறைக்கிறது. நம்பிக்கையைத் தயாரிப்பதில் எங்கள் தொழிலுக்குப் பங்கு இருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம். 30 மடங்கு என்ற தலைப்புக்கே ஏதோ மருத்துவ குணம் இருக்கக்கூடும். கிண்டலாகச் சொல்லவில்லை.

படிக்கப் படிக்க என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. 1992-ல் மெஷூலத்தின் ஆய்வகத்தில், நம் மூளையே தயாரித்துக்கொள்ளும் கஞ்சா போன்ற ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஆனந்தம் நம் ஆனந்தம்தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது. 2005-ல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று தெரிந்தது. பாரசிட்டமாலின் ஒரு பகுதி மூளைக்குப் போய், அங்கே வேறொரு பொருளாக மாறி, இதே ஆனந்தமைடு அமைப்போடு உறவாடுகிறது. எலிகளுக்குக் கஞ்சா ஏற்பிகளை அடைத்துவிட்டுப் பாரசிட்டமால் கொடுத்தால் அதன் வலி குறைக்கும் குணம் மறைந்துவிடுவதைச் சில சோதனைகள் காட்டின. மனிதர்களிடம் இதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனாலும், எது கஞ்சா, எது காய்ச்சல் மாத்திரை என்று நாங்கள் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டும் உள்ளே போய் ஒரே கதவைத் தட்டுகின்றன என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மாவின் விஷயம் இந்த ஆராய்ச்சிகளால் நகரவில்லை. அவள் பயன்படுத்திய சொற்களால்தான் நகர்ந்தது.

சிறுநீரக மருத்துவர் ஒவ்வொரு முறையும் “வலி பத்துக்கு எவ்வளவும்மா?” என்று கேட்பார். அம்மா “இருக்கு” என்பாள். எட்டா, ஐந்தா என்றால் என்னைப் பார்ப்பாள். வலிக்குத் தமிழில் எண் கிடையாது, வினைச்சொல் உண்டு. குடையும், குத்தும், இழுக்கும், கடுக்கும், எரியும், உளையும், தெறிக்கும், விண்விண்ணென்று போகும். எம்.ஏ. படித்ததற்கு ஏதாவது பயன் வேண்டாமா? மளிகைக் கடை காலண்டரில் தேதிக் கட்டத்துக்குள் ‘கு’ என்றால் குடைச்சல், ‘எ’ என்றால் எரிச்சல், ‘இ’ என்றால் இழுப்பு என்று எழுதி வைக்கச் சொன்னேன். பகலா ராத்திரியா என்பதற்கு மேலே கீழே ஒரு புள்ளி. அம்மா கோலம் போடுகிற ஒழுங்கோடு அதைச் செய்தாள்.

இரண்டு மாதக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு ‘எ’ எல்லாம் கீழ்ப் புள்ளியோடு இருப்பதைப் பார்த்து, “எரிச்சல் எங்கம்மா? முட்டியிலயா?” என்றார். “பாதத்துல. மொளகாப்பொடி தேச்ச மாதிரி. போர்வை பட்டாக்கூட ஆகாது.” இசைக்கவையைப் பாதத்தில் வைத்துப் பார்த்தார். நைலான் இழையால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரலில் அம்மாவுக்குத் தொடுவதே தெரியவில்லை.

சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு. முட்டித் தேய்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நரம்பே கெட்டு எழுப்புகிற வலியில் டைக்ளோஃபெனாக்குக்குப் பெரிதாக வேலை இல்லை. அதாவது, ராத்திரித் தூக்கத்துக்காக அம்மா பல வருடம் போட்டுக்கொண்ட அந்த இரண்டாவது மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்ததைத் தவிர அநேகமாக எதுவும் செய்யவில்லை. டாக்டர் நரம்பு வலிக்கான மாத்திரை ஒன்றைச் சிறுநீரகத்துக்கு ஏற்ற மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். முட்டிக்கு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் பயிற்சி, காலையிலும் மாலையிலும். கூடவே அதே காய்ச்சல் மாத்திரை.

மூன்று மாதத்தில் காலண்டரில் ‘எ’ பாதியாகக் குறைந்திருக்கிறது. ‘கு’ அப்படியே இருக்கிறது, மழைநாளில் கொஞ்சம் கூட. பயிற்சியை என் முன்னால் மட்டும் செய்கிறாள் என்று சந்தேகம்.

புட்டி இன்னும் பிரிக்காமல் பூஜை அலமாரியில் இருக்கிறது. கஞ்சாவுக்கு நரம்பு வலியில்தான் கொஞ்சம் அதிகமாகச் சோதனை நடந்திருக்கிறது என்பதால், சென்ற வாரம் போயிருந்தபோது அம்மாவுக்கு 2018-ல் வந்த காக்ரேன் தொகுப்பின் கணக்கைச் சொன்னேன். 16 ஆய்வுகள், 1,750 பேர். வலி பாதியாகக் குறைந்தவர்கள், கஞ்சா மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 21. வெற்று மருந்தில் நூற்றுக்கு 17. தலைசுற்றல், மயக்கம், குழப்பம் கஞ்சாப் பக்கம் அதிகம். பலனைவிடத் தொல்லை மிஞ்சிவிடலாம் என்றுதான் அவர்கள் முடித்திருந்தார்கள்.

“அப்ப, நூறு பேருக்குக் குடுத்தா நாலு பேருக்குக் கேக்கும்?”

“ஆமாம்.”

“அந்த நாலு பேர்ல நான் உண்டான்னு எப்படித் தெரியும்?”

டாக்டரிடம் கேட்கலாம் என்றேன். அடுத்த தடவை போகும்போது காலண்டர் தாளோடு புட்டியையும் பையில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள்.